இரண்டு பேராகச் சீனா சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழுச் சுற்றுலாவில் சேராமல், நண்பரோ தோழியோ ஒருவர் மட்டும் துணையாக, தாங்களே திட்டம் போட்டுச் சீனா போய்வர நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெய்ஜிங், ஷியான், குவான்சோ ஆகிய மூன்று ஊர்களை வைத்தே பதில்கள் அமைந்திருக்கின்றன. அந்த மூன்றாவது ஊரின் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மொழி தெரியாத நாடு. இரண்டு பேர் மட்டும் போனால் சமாளிக்க முடியுமா?

முடியும். சீனாவுக்கு இரண்டு பேர் சரியான அளவு என்றே நான் சொல்வேன். ஒருவர் வழி பார்க்க, மற்றவர் மொழிபெயர்ப்பு ஆப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் பேசலாம். ஒருவர் போனில் சார்ஜ் தீர்ந்தால் மற்றவர் போன் இருக்கும். அங்கே போன் இல்லாவிட்டால் சாப்பாடும் இல்லை, டாக்சியும் இல்லை என்பதால் இது சின்ன விஷயமல்ல. உணவகங்களில் வரும் தட்டுகள் பெரியவை. தனியாகப் போகிறவர் ஒரு கறியோடு எழுந்துவிட வேண்டியதுதான். இரண்டு பேர் என்றால் மூன்று வகை வாங்கிப் பகிரலாம்.

விசா யாருக்கு வேண்டும்?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். சுற்றுலா விசாவுக்கு ஆளுக்கொரு விண்ணப்பம். விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு, எந்த நாளில் எந்த ஊர் என்ற பயணத் திட்டம் இவை இருவரின் தாள்களிலும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கட்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் 2024 பிப்ரவரி முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். மலேசியக் குடிமக்களுக்கும் 30 நாள் விசா விலக்கு உண்டு.

சில நாட்டவர் சீனா வழியாக வேறு நாட்டுக்குப் போகும்போது 240 மணி நேரம் விசா இன்றித் தங்க ஒரு சலுகை இருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. யூடியூபில் பார்த்துவிட்டு அதை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

நான் சிங்கப்பூர், என் தோழி சென்னை. சேர்ந்தே போகலாமா?

தாராளமாக. தோழியின் விசா கைக்கு வந்தபிறகு இருவர் டிக்கெட்டையும் உறுதிசெய்யுங்கள். அதுவரை, பணம் திரும்பக் கிடைக்கும் வகை முன்பதிவுகளே போதும்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரையும் நன்றாக இருக்கும். தவிர்க்க வேண்டிய நாட்கள்தான் முக்கியம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். அதையொட்டிய ஒரு வார விடுமுறையில் நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். மே 1-ஐ ஒட்டிய விடுமுறையும் அப்படியே. சந்திரப் புத்தாண்டின்போது எல்லோரும் சொந்த ஊர் போவதால் ரயில் டிக்கெட் கிடைக்காது, சிறிய உணவகங்கள் மூடியிருக்கும். பெய்ஜிங்கில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிர் உறைநிலைக்குக் கீழே போய்விடும். நம் ஊர் ஸ்வெட்டர் அதற்குத் தாங்காது.

பணம் எப்படிச் செலுத்துவது? நம் யுபிஐ எடுபடுமா?

யுபிஐ-யை நம்பிப் போகாதீர்கள். அலிபே, வீசாட் என்று இரண்டு ஆப்கள். தெருவோர வேர்க்கடலைக் கடையிலிருந்து அருங்காட்சியகம் வரை எல்லா இடத்திலும் இவற்றின் கியூஆர் குறியீடுதான். உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இவற்றோடு இணைக்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலுத்தலுக்கும் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், எனவே சின்னச் சின்னத் தொகையாகச் செலுத்துவது லாபம். ஒரு யுவான் எத்தனை ரூபாய் என்று கிளம்பும் முன் பார்த்து மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆப்களையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். இருவர் போனிலும் இருக்க வேண்டும். "அவன் போனில் இருக்கிறது, போதும்" என்று விடுகிறவர்கள், மெட்ரோ வாசலில் ஆளுக்கொரு கியூஆர் கேட்கும்போது திணறுவார்கள். சில நூறு யுவான் ரொக்கமும் ஆளுக்குக் கொஞ்சம் இருக்கட்டும். ரொக்கத்தைக் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி, ஆனால் பல கடைகளில் சில்லறை இருக்காது.

வாட்ஸ்அப், கூகுள் வேலை செய்யுமா?

உள்ளூர் இணையத்தில் செய்யாது. ஓட்டல் வைஃபையிலும் கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் சர்வதேச ரோமிங்கிலோ வெளிநாட்டு இ-சிம்மிலோ போனால், தரவு வெளிநாட்டு வலை வழியாகப் போவதால் இவை பெரும்பாலும் திறக்கும். வீட்டாருக்கு மட்டும் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் பதில் வராவிட்டால் அம்மாக்கள் பதறிப்போவார்கள்.

கூகுள் வரைபடம் சீனாவில் தெருக்களைச் சற்றுத் தள்ளிக் காட்டும். அமேப் என்ற உள்ளூர் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் வரைபடமே போதும். நீங்களும் நண்பரும் வீசாட்டில் ஒருவரை ஒருவர் சேர்த்து, இருப்பிடத்தைப் பகிரும் வசதியை ஒருமுறை பழகிவிடுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் கண்டுபிடிக்க அதுதான் வழி.

பெய்ஜிங்கின் அரண்மனை நகரத்துக்கு (Forbidden City) நேரே போய் டிக்கெட் வாங்கலாமா?

கூடாது, கிடைக்காது. பெய்ஜிங்கில் பலருடைய பயணம் கெடுவது இந்த இடத்தில்தான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மிங் பேரரசர் யோங்லே 1406-இல் தொடங்கி 1420-இல் கட்டி முடித்த மாளிகைத் தொகுதி அது. கடைசிப் பேரரசர் பூயி 1924-இல் வெளியேற்றப்பட்டு, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமானது. ஒரு நாளுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 7 நாட்களுக்கு முன்பு, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு இணையத்தில் டிக்கெட் திறக்கும். நம் நேரம் மாலை 5:30. நல்ல பருவத்தில் சட்டென்று விற்றுத் தீரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்தது. நண்பருடைய எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அவர் வாசலில் நிற்க வேண்டியதாகிவிடும். எனவே ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து உரக்கப் படிக்கட்டும்.

தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறுவதுதான் முறை. பெரும்பாலோர் நடு அச்சில் மூன்று பெரிய மண்டபங்களையும் பார்த்துவிட்டு நேரே வெளியேறிவிடுகிறார்கள். கிழக்கிலும் மேற்கிலும் இருக்கும் சின்ன முற்றங்களில்தான் அந்த வீட்டின் அன்றாட வாழ்க்கை தெரியும், கூட்டமும் குறைவு. வடக்கு வாசலுக்கு எதிரே ஜிங்ஷான் குன்று. அதன் உச்சிக்கு ஏறினால் அரண்மனையின் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் மொத்தமும் கண்ணுக்குள் வரும். கால் வலித்தாலும் ஏறுங்கள்.

தியானன்மென் சதுக்கத்துக்கும் தனியே முன்பதிவு வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பெருஞ்சுவரில் எந்தப் பகுதிக்குப் போவது?

முட்டியன்யூ. பெய்ஜிங்கிலிருந்து 70 கிலோமீட்டர் அளவு. ரோப் கார் உண்டு, இறங்கும்போது உட்கார்ந்து சறுக்கி வரும் வண்டிப் பாதையும் உண்டு. நண்பர்களாகப் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. பாதாலிங்குக்கு அதிவேக ரயிலே போகிறது, ஆனால் கூட்டம் நெரியும். நன்றாக நடப்பவர்களாக இருந்தால் ஜின்ஷான்லிங். செப்பனிடாத படிகளும் இடிந்த காவல் கோபுரங்களும் அங்கே அப்படியே இருக்கும். நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மிங் காலச் சுவர். பல நூறு ஆண்டுகளில் பல அரசுகள் கட்டியவை சேர்ந்ததே நாம் ஒரே பெயரில் அழைக்கும் இந்தச் சுவர்.

ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியுமா?

அதிவேக ரயிலின் இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் இரண்டு. மூன்று இருக்கைப் பக்கம் ஏ, பி, சி. இரண்டு இருக்கைப் பக்கம் டி, எஃப். முன்பதிவின்போது டி, எஃப் கேட்டு வாங்கினால் நடுவில் வேறு யாரும் வரமாட்டார்கள். வழக்கமாக 15 நாட்களுக்கு முன்பு விற்பனை தொடங்கும். 12306 என்பது ரயில்வேயின் சொந்த ஆப்; வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டையும் ஏற்கும். காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்டே டிக்கெட். தானியங்கி வாசல் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாசலுக்குப் போங்கள்.

பெய்ஜிங்கிலிருந்து ஷியானுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நிலையங்களில் பை சோதனைக்கு வரிசை இருக்கும். ரயில் கிளம்பச் சில நிமிடங்களுக்கு முன்பே வாசல் மூடிவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

ஷியானில் களிமண் வீரர்களைத் தவிர என்ன இருக்கிறது?

வீரர்களை முதலில் முடித்துவிடுவோம். 1974-இல் கிணறு வெட்டிய உழவர்கள் மண்ணுக்குள் கண்டெடுத்த படை. முதல் குழியில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் அளவு தள்ளி, லிந்தோங்கில். முதல் குழியை முதலில் பார்த்தால் மற்ற இரண்டும் சின்னதாகத் தோன்றும். அதனால் மூன்று, இரண்டு, ஒன்று என்று தலைகீழாகப் போங்கள்.

ஷியானில் எனக்கு மிகப் பிடித்தது மதில். 13.7 கிலோமீட்டர் சுற்றளவு, மேலே அகலமான சாலை. வாடகைக்கு மிதிவண்டி எடுத்து ஊரைச் சுற்றி வந்துவிடலாம். மாலை வெயில் இறங்கும் நேரத்தில் தெற்கு வாசலில் ஏறுங்கள்.

தமிழ் வாசகர்கள் தவறாமல் நிற்க வேண்டிய இடம் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஏடுகளைப் பாதுகாக்க 652-இல் எழுப்பியது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம், பல்லவர் காலத்தில் காஞ்சிக்கு வந்தவர் அவர். காஞ்சியைப் பற்றி எழுதிய அந்த மனிதர் ஊர் திரும்பி, எஞ்சிய வாழ்நாளை ஏடுகளை மொழிபெயர்ப்பதிலேயே கழித்தார். கோபுரத்தின் முன் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

குவான்சோவில் அப்படி என்னதான் இருக்கிறது?

தமிழ் இருக்கிறது. 1281-இல் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்தது. சக ஆண்டு 1203 (அதே 1281), சித்திரை மாதம் என்று நாள் குறித்து, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்ததாகத் தமிழில் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. செகசை கான் நலத்துக்காக என்று அதில் வருகிறது. அது குப்ளாய் கானைக் குறிக்கிறது. கல்வெட்டின் முடிவில் சீன எழுத்தும் இருக்கிறது. மங்கோலியப் பேரரசின் துறைமுகத்தில், அரசரின் அனுமதியோடு, நம் வணிகர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள்.

கோயில் இன்று இல்லை. ஆனால் அதன் கற்கள் ஊரெங்கும் இருக்கின்றன. முதலில் கையுவான் புத்தர் கோயிலுக்குப் போங்கள். முன்பக்கம் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போக வேண்டும். அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கல்தூண்கள். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். சின்னக் கண்ணன் உரலை இழுத்து இரண்டு மரங்களைச் சாய்க்கிறான். நம் ஊர்ச் சிற்பிகளின் மரபு என்று கும்பகோணத்துக்காரர் எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். நானும் என் தோழியும் அந்தத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு வட்டச் சிற்பமாகப் பார்த்தோம். அங்கே வந்து போன உள்ளூர்க்காரர்கள் பலர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயில் வளாகத்தின் இரண்டு கற்கோபுரங்களும் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1604-இன் பெரும் நிலநடுக்கத்தில்கூட விழாமல் நின்றவை.

அடுத்து கடல்சார் அருங்காட்சியகம். சிவலிங்கத்தின் மேல் பால் சொரியும் பசு போன்ற நம் கோயில் சிற்பங்கள், அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், சிலுவை பொறித்த கற்கள் எல்லாம் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மூழ்கிய, சோங் அரச மரபுக் காலக் கப்பல் ஒன்றையும் இந்த ஊர்க் கடலோரத்தில் 1974-இல் தோண்டி எடுத்தார்கள், களிமண் வீரர்கள் வெளிப்பட்ட அதே ஆண்டு. மிளகும் சந்தனமும் சாம்பிராணி வகைகளும் அதில் இருந்தன. ஊரின் பழைய பள்ளிவாசல் 1009-ஐச் சேர்ந்தது. மார்க்கோ போலோ தாயகம் திரும்பக் கப்பலேறியதும் இங்கிருந்துதான். வழியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் அவர் எழுதி வைத்தார். 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரின் தொல்லிடங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சியாமென் நகருக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து அதிவேக ரயிலில் வந்தால் சுமார் அரைமணி நேரம். குவாங்சோ என்று இன்னொரு பெருநகரம் இருக்கிறது, பெயர் ஒலி நெருக்கம். டிக்கெட் எடுக்கும்போது பூஜியன் மாகாணம் என்று சரிபாருங்கள்.

போதிதர்மர் வாழ்ந்த இடத்தைப் பார்க்கலாமா?

ஷாவ்லின் மடம் ஹெனான் மாகாணத்தில், சோங்ஷான் மலையடியில் இருக்கிறது. அவர் சுவரைப் பார்த்தபடி தவமிருந்ததாகச் சொல்லும் குகை மேலே மலையில். அவரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளுக்குள் ஒற்றுமை இல்லை: ஒன்று பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்பது நாம் போற்றும் மரபு. அந்த மடம் இன்று பெரிய சுற்றுலாத் தலம், கூட்டமும் குங்ஃபூ காட்சிகளும் நிறைந்தது. மூன்று ஊர்த் திட்டத்தில் இதற்காக ஒரு நாள் பிடுங்க நான் சொல்லமாட்டேன்.

ஒருவர் சைவம், ஒருவர் அசைவம். எப்படிச் சாப்பிடுவது?

சைவர்களுக்குச் சீனா கடினம், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால், காய்கறி என்று கொண்டுவரும் தட்டிலும் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருப்பார்கள், அல்லது கொத்திறைச்சியைத் தூவியிருப்பார்கள். மாப்போ டோஃபூ, வறுத்த பீன்ஸ் இரண்டும் பார்க்கச் சைவம்போல் இருந்து ஏமாற்றும். "வோ ச்சீ ஸூ" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். அதோடு "இறைச்சி, மீன், கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் எழுதிப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் தக்காளி முட்டைப் பொரியல் எந்த ஊரிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் சேர்ந்த வடசீன வதக்கல் ஒன்று உண்டு. சோற்றோடு நம் நாக்குக்கு அப்படியே ஒத்துப்போகும். பெரிய புத்தர் கோயில்களின் அருகே சுத்த சைவ உணவகங்கள் இருக்கும், அங்கே பூண்டு வெங்காயமும் சேர்க்கமாட்டார்கள்.

உங்களைப் போன்ற ஜோடிக்கு ஹாட்பாட் நல்ல வழி. ஒரே சட்டியை நடுவில் தடுத்து இரண்டு சாறு தருவார்கள். ஒரு பக்கம் தக்காளி அல்லது காளான் சாறு கேளுங்கள், அதிலும் இறைச்சிச் சாறு கலக்கிறார்களா என்று விசாரியுங்கள். சிவப்புக் காரச் சாறு மாட்டுக்கொழுப்பில் செய்வது வழக்கம். கரண்டிகள் மாறாமல் பார்த்துக்கொள்வது அசைவ நண்பரின் கடமை. பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்கள் ஷியானின் முஸ்லிம் தெருவில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஓட்டலில் ஒருவர் பாஸ்போர்ட் மட்டும் காட்டினால் போதுமா?

போதாது. தங்கும் ஒவ்வொருவரையும் ஓட்டல் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். அங்கே வேலை பார்க்கும் உறவினர் அல்லது நண்பர் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் நீங்களே உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.

இரண்டு பெண்கள் இரவில் வெளியே நடமாடலாமா?

நடமாடலாம். பெருநகரத் தெருக்களில் இரவு பத்துமணிக்கும் குடும்பங்கள் உலாவும், பூங்காக்களில் பாட்டிகள் கூட்டமாக நடனமாடுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. பெய்ஜிங்கின் வாங்ஃபூஜிங், ஷாங்காயின் நான்ஜிங் சாலை போன்ற இடங்களில், நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் தாங்களாக வந்து பழகி "தேநீர் விழா பார்க்கலாம்" என்று அழைப்பார்கள். உள்ளே போனால் பெருந்தொகைக்குப் பில் வரும். சிரித்துக்கொண்டே மறுத்து நடையைக் கட்டுங்கள். காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 120.

ஷாங்காயை ஏன் சேர்க்கவில்லை?

நல்ல ஊர்தான். ஆனால் பன்னிரண்டு நாள் விடுப்பில் நான்காவது ஊரைச் சேர்த்தால் எல்லா ஊரும் ரயில் ஜன்னலோடு முடிந்துவிடும். பெய்ஜிங்குக்கு ஐந்து, ஷியானுக்கு மூன்று, குவான்சோவுக்கும் சியாமெனுக்குமாக நான்கு என்பது என் கணக்கு. திரும்பும் விமானம் ஷாங்காய் வழியாக அமைந்தால் ஒரு மாலை ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

இருவருக்கும் விருப்பம் வேறு வேறாக இருந்தால்?

அரை நாள் பிரிந்து போங்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓர் அரை நாளை இதற்கென்றே கிளம்பும் முன் ஒதுக்கிவிடுங்கள். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு கல்லையும் படிக்கிறவரும், கடைவீதியில் சுற்ற நினைக்கிறவரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டே நடந்தால் மூன்றாம் நாள் முகம் வாடும். அங்கே நடையும் அதிகம். புதுச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போதும். பிரியும்போது பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும், இருவருடையதும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

பையில் மறக்கக் கூடாதவை?

பவர் பேங்க் வாங்கும்போது அதன்மேல் சீனாவின் மூன்று சி (CCC) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் அது இல்லாதவற்றைச் சீன உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. ஷியானிலிருந்து சியாமெனுக்குப் பறக்கும்போது பறித்துவிடுவார்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் காகிதம் இல்லாமல் இருக்கலாம், டிஷ்யூ பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும். ஒரு பிளாஸ்க்கும் எடுத்துப் போங்கள். ரயில், நிலையம், ஓட்டல் எங்கும் வெந்நீர் இலவசமாகக் கிடைக்கும். பாலில்லாத தேநீர் பிடிக்காதவர்கள் காப்பித்தூளும் சர்க்கரையும் கொண்டு போவது நல்லது.